ஓய்வுபெற்ற ஓட்டக்காரியின் பற்கள்: முதிய கிரேஹவுண்ட் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பல் அறுவை முடிந்து வீட்டுக்குப் போகும் நாய்க்கு எங்கள் துறையில் பெரும்பாலும் ஒரே தாளைத்தான் கொடுத்தனுப்புகிறோம்: முதல் நாள் கவனமாகப் பாருங்கள், மெத்தென்ற உணவு கொடுங்கள், பத்து நாளில் கூட்டி வாருங்கள். லாப்ரடாருக்கும் பொமரேனியனுக்கும் இது போதும். பந்தயத்தில் ஓடவிடும் மெலிந்த நாயினமான கிரேஹவுண்டுக்குப் போதாது. இந்த இனத்தில் முதல் நாள் பெரும்பாலும் அமைதியாகப் போய்விடும். வில்லங்கம் வருவதானால் இரண்டாம் நாள் இரவில் வரும், வீட்டார் நிம்மதியாகி அசந்து தூங்கும் நேரத்தில். ரோசியின் நிகழ்வை விரிவாக எழுதக் காரணம் அதுதான். உரிமையாளரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். நாயின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நோயாளி

ரோசி, கருத்தடை செய்யப்பட்ட பெண் கிரேஹவுண்ட். வயது 10, எடை 27.4 கிலோ. இங்கிலாந்தின் பந்தயத் தடங்களில் ஓடும் பெரும்பாலான கிரேஹவுண்டுகளைப் போல அவளும் அயர்லாந்தில் பிறந்தவள். இரண்டு காதுகளின் உட்புறத்திலும் பச்சை குத்திய எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன. நான்கு வயதுவரை ஓடினாள். பிறகு காப்பகம் வழியாகக் கிழக்கு லண்டனில் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்கு வந்து சேர்ந்தாள். தத்தெடுத்தவர் மகன். அவர் வேலைக்காக வேறு ஊர் போனதும் அம்மாவின் நாயாகிவிட்டாள். எத்தனையோ வீடுகளில் பார்த்த கதை.

"கிட்டப் போகேலாது தம்பி, வாய் அப்பிடி மணக்குது" என்றுதான் அந்த அம்மா ஆரம்பித்தார். விசாரித்தபோது மேலும் மூன்று விஷயங்கள் வந்தன. உலர் தீவனத்தை வாயில் எடுத்துவிட்டுக் கீழே போடுகிறாள். வலப்பக்கமாக மட்டும் மெல்லுகிறாள். சில மாதங்களாகத் தும்மல் இருக்கிறது, இடது மூக்குத் துவாரத்தில் மட்டும் சளி. வயசு போனால் இப்படித்தான் என்று அவர் நினைத்திருந்தார். தும்மலுக்கும் பல்லுக்கும் முடிச்சுப் போட யாருக்கும் சட்டென்று தோன்றாதுதான். ஆனால் ஒரே துவாரத்தில் சளி, அதே பக்கத்தில் மெல்லத் தயக்கம் என்றால் மேல் கோரைப்பல்லைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அந்தப் பல்லின் நீண்ட வேருக்கும் மூக்கறைக்கும் நடுவில் இருப்பது மிக மெல்லிய எலும்பு. ஈறு நோய் அதை அரித்துவிட்டால் வாயும் மூக்கும் ஒன்றாகிவிடும்.

உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். கடைவாய்ப் பற்கள் பல்லில் இறுகிய காரைக்குள் புதைந்து கிடந்தன, ஈறு பின்வாங்கி வேர்கள் பிளவுபடும் இடமே வெளியே தெரிந்தது, கீழ் வெட்டுப்பற்கள் இரண்டு விரல் பட்டதும் ஆடின. நாய்க்கு 42 பற்கள். ரோசிக்கு ஏழு ஏற்கெனவே விழுந்திருந்தன.

இந்த இனத்தில் இது அரிதல்ல. லண்டனின் ராயல் கால்நடைக் கல்லூரி, பிரிட்டனில் 2016-இல் சிகிச்சைக்கு வந்த கிரேஹவுண்டுகளின் பதிவுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டது. அதில் 39 சதவீத நாய்களுக்கு ஈறு நோய் பதிவாகியிருந்தது. எல்லா இன நாய்களையும் சேர்த்துப் பார்த்த இன்னொரு கணக்கில் அது 12.5 சதவீதம்தான். பந்தயக் கொட்டில்களில் கூழாகக் குழைத்த தீவனம், வாயை யாரும் தொடாத வளர்ப்பு, கம்பிகளைக் கடிக்கும் பழக்கம் என்று பலதைச் சொல்வார்கள். ஆனால் குட்டியிலிருந்தே வீட்டில் நன்றாக வளர்ந்த கிரேஹவுண்டுகளிலும் இதே வாயைப் பார்த்திருக்கிறேன். பரம்பரையின் பங்கு சிறியதல்ல என்பது என் எண்ணம்.

அறிக்கையில் சிவப்பு எழுத்துகள்

மயக்கம் கொடுக்கும் முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் நான்கு எண்கள் சிவப்பில் வந்தன. சிவப்பணு அளவு (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 58 சதவீதம், உயர்வு. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 1.38 லட்சம், குறைவு. சிறுநீரகம் வெளியேற்றும் தசைக் கழிவான கிரியேட்டினின் 150 மைக்ரோமோல் (இந்திய அறிக்கைக் கணக்கில் 1.7), உயர்வு. தைராய்டு ஹார்மோனான டி4-இன் அளவு 9, குறைவு. கூடவே நெஞ்சில் மெல்லிய முணுமுணுப்புச் சத்தம்.

இந்தத் தாளை இனத்தைப் பார்க்காமல் படித்தால் நீர்ச்சத்துக் குறைவு, தட்டணுக் குறைபாடு, சிறுநீரக நோய், தைராய்டு குறைவு, இதய நோய் என ஐந்து நோய்களை ஒரே நாளில் கண்டுபிடித்துவிடலாம். கிரேஹவுண்டுக்கு இவை எல்லாமே இயல்பாக இருக்கக்கூடியவை. ஓடுவதற்கென்றே தேர்ந்தெடுத்து வளர்த்த இனம் என்பதால் சிவப்பணு அதிகம். தசை மிகுதியால் கிரியேட்டினின் சற்று மேலே நிற்கும். தட்டணுவும் டி4-உம் பிறவியிலேயே கீழே. பெரிய இதயம் வேகமாகத் தள்ளும் ரத்தம் சத்தம் எழுப்பும். டி4 குறைவைப் பார்த்த கையோடு ஆயுள் முழுக்கத் தைராய்டு மாத்திரை எழுதிக்கொடுப்பது அடிக்கடி நடக்கிற ஒன்று. ரோசியின் சிறுநீர் அடர்த்தி நன்றாக இருந்தது, இதய ஸ்கேனில் வால்வுகளில் கோளாறில்லை. மயக்கம் கொடுக்கலாம் என்று முடிவெடுத்தோம்.

ஒன்றை மட்டும் கூடுதலாகச் செய்தோம். தென்கிழக்கு இங்கிலாந்தில் நத்தை, இலையட்டை வழியாக நாய்க்கு வரும் நுரையீரல் புழு ஒன்று உண்டு. அது ரத்தம் உறைவதையே குலைத்துவிடும். தோட்டத்தில் புல் மேயும் நாய்க்கு அறுவைக்கு முன் அந்தச் சோதனை செய்யாமல் இருப்பது தேவையற்ற துணிச்சல். ரோசிக்கு அது இல்லை. ரத்தம் உறையும் நேரமும் இயல்பாகவே இருந்தது.

இந்தக் கடைசி வரியை நம்பித்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கிரேஹவுண்டின் ரத்தம் சரியாகவே உறையும். சிக்கல் அதற்குப் பின்னால் வருகிறது: உறைந்தது சீக்கிரம் கரைந்துவிடுகிறது. வழக்கமான பரிசோதனைகள் உறைவதை மட்டுமே அளக்கின்றன, கரைவதை அளப்பதில்லை. அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், கருத்தடை செய்யப்பட்ட 88 ஓய்வுபெற்ற கிரேஹவுண்டுகளில் 26 சதவீதத்துக்கு அறுவை முடிந்து 36 முதல் 48 மணி நேரத்தில் ரத்தக் கசிவு வந்தது. அறுவைக்கு முன் எடுத்த உறைவுச் சோதனைகள் எவற்றுக்குக் கசியும் என்று காட்டிக்கொடுக்கவில்லை. அதே குழு 2012-இல் வெளியிட்ட சோதனையில், உறைவு கரைவதைத் தடுக்கும் மருந்தை 50 நாய்களுக்கும் வெறும் மாத்திரையை 50 நாய்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து பெற்றவற்றில் 10 சதவீதத்துக்கும் பெறாதவற்றில் 30 சதவீதத்துக்கும் கசிந்தது. அவர்கள் பயன்படுத்திய மருந்துக்குப் பதிலாக பிரிட்டனில் நாங்கள் கையாளுவது அதன் உறவான டிரானெக்சாமிக் அமிலம். பெண்களுக்கு மாதவிடாயில் உதிரப்போக்கு அதிகமானால் கொடுக்கும் அதே 500 மி.கி. மாத்திரைதான்.

மேசையில்

செவ்வாய்க்கிழமை காலை அறுவை. இந்தப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இதைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம்.

கிரேஹவுண்டின் உடலில் கொழுப்பு மற்ற நாய்களில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். சில மயக்க மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதியும் அதற்கு மெதுவாகவே வேலை செய்யும். இந்த இரண்டும் சேர்வதால்தான் தயோபென்டால் கொடுத்தால் மணிக்கணக்கில் எழுந்திருக்காது. பிரிட்டனில் அந்த மருந்து ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. இந்தியாவில் பல இடங்களில் இன்னும் புழங்குகிறது. ஊரில் கிரேஹவுண்டோ அதன் கலப்போ வைத்திருப்பவர்கள் எந்த மயக்க மருந்து என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது. ரோசிக்கு வலிநீக்கியான மெதடோன் ஊசி போட்டு, அல்ஃபாக்சலோன் என்ற மயக்க மருந்தை மெல்ல மெல்ல, கண் செருகும் அளவுக்கு மட்டும் செலுத்தி, பிறகு வாயு மயக்கத்தில் வைத்தோம். தாடை நரம்புகளை மரக்கச் செய்ததால் வாயு குறைவாகவே தேவைப்பட்டது.

பல் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் 16 பற்கள் பயனில்லை என்று தெரிந்தது. இடது மேல் கோரைப்பல்லின் உட்புறத்தில் அளவுகோல் 11 மில்லிமீட்டர் இறங்கியது. உடனே இடது மூக்கில் ரத்தம் தெரிந்தது. சந்தேகப்பட்டது சரிதான். அந்தப் பல்லை எடுத்து, ஈறை மடலாகப் பிரித்து இழுத்துத் துவாரத்தை மூடித் தைத்தோம். கீழ் கோரைப்பற்கள் இரண்டையும் விட்டுவைத்தோம். அவற்றின் வேர் கீழ்த்தாடையின் முன்பகுதியில் பெரும்பங்கை அடைத்துக்கொண்டிருக்கும். எடுக்கும்போது தாடை உடையும் அபாயம் உண்டு. எடுத்த பிறகு நாக்கு பக்கவாட்டில் தொங்கிக்கொண்டே இருக்கும். எக்ஸ்ரேயில் எலும்பு திடமாக இருந்ததால் அவற்றைத் தொடக் காரணமில்லை.

டிரானெக்சாமிக் அமிலத்தை முதல் பல் எடுக்கும் முன்பே ரத்தக்குழாய் வழியாக மெதுவாகச் செலுத்தினோம். வேகமாகப் போட்டால் வாந்தி வரும். வெப்பக்காற்றுப் போர்வை போட்டும் உடல் வெப்பம் 36.4 டிகிரிக்கு இறங்கியது. மெலிந்த நாயின் வாயை இரண்டரை மணி நேரம் நீரால் அலசிக்கொண்டே இருந்தால் அப்படித்தான் ஆகும். கால்களைக் குமிழித் தாளில் சுற்றியதும் மெல்ல ஏறியது. சிப்பிப்பாறை, கன்னி நாய்களை வளர்ப்பவர்களும் இதை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். ஒட்டிய வயிறும் மெல்லிய தோலும் எந்த ஊரிலும் சீக்கிரம் குளிர்ந்துவிடும்.

முதல் இரவு: முனகல்

மாலை வீட்டுக்கு அனுப்பினோம். வலிக்கு மெலாக்சிகாம் திரவமும் காபாபென்டினும். டிரானெக்சாமிக் மாத்திரை எட்டு மணி நேரத்துக்கு ஒன்று, ஐந்து நாளுக்கு. கிளம்பும் முன் அந்த அம்மாவின் கைபேசியிலேயே ரோசியின் ஈறைப் படமெடுத்துக் கொடுத்தேன். பிறகு வெளிறியிருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் ஒப்பிட ஒன்று வேண்டும். படுக்கையில் வெள்ளைத் துணி விரிக்கச் சொன்னேன். பல வீடுகளில் நாய்க்கென்று ஒதுக்குவது கருநீலத்திலும் பழுப்பிலும் உள்ள பழைய போர்வைகளை. அதில் ரத்தம் சொட்டினாலும் தெரியாது.

அன்று இரவு தொலைபேசி வந்தது. ரோசி விடாமல் முனகுகிறாள், வலியா?

கிரேஹவுண்ட் கத்தும் இனம். நகம் வெட்டினாலே தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறும். ஆகவே சத்தத்தை வைத்து வலியை அளக்க முடியாது. நான்கு காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். முதலில் சிறுநீர்: அறுவையில் ஏற்றிய திரவம் முழுவதும் சிறுநீர்ப்பையில் நிற்கும், நன்கு பழகிய நாய் வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கத் தயங்கி முனகும். இரண்டாவது குளிர். மூன்றாவது தனிமை: கொட்டிலில் பிறந்த நாளிலிருந்து பக்கத்தில் இன்னொரு நாயின் மூச்சுச் சத்தம் கேட்டு வளர்ந்தவை இவை. நான்காவது மெதடோன் போன்ற மருந்தின் கலக்கம்: கண் திறந்திருக்கும், பெயர் சொல்லி அழைத்தால் ஆளைப் பார்க்காது, தடவிக்கொடுத்தாலும் அடங்காது, சில மணி நேரத்தில் தானே தெளியும். வலி என்றால் தலையைத் தாழ்த்தி ஒதுங்கும், முகத்தருகே கை வந்தால் விலகும், படுத்த இடத்தில் நிலைகொள்ளாது. ரோசி தோட்டத்துக்குப் போய் நீண்ட நேரம் சிறுநீர் கழித்து வந்தாள். அம்மா ஒரு மேலங்கியைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தார். முனகல் நின்றது.

படுக்கும் முன் ஒன்றை அவருக்கு நினைவூட்டினேன். கிரேஹவுண்டுகள் அரைக்கண் திறந்தபடி தூங்கும். தூக்கத்தில் தொட்டால் திடுக்கிட்டுக் கவ்விவிடுவது சிலவற்றுக்கு உண்டு. மருந்து மயக்கமும் வாய்ப் புண்ணும் சேர்ந்திருக்கும் நாளில் எவ்வளவு சாதுவானதையும் நம்பக்கூடாது. முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், தலை நிமிர்ந்த பிறகுதான் தொட வேண்டும்.

புதன்கிழமை நன்றாகப் போனது. மசித்த கோழியைச் சாப்பிட்டாள். தண்ணீர்க் கிண்ணம் லேசாக இளஞ்சிவப்பாக இருந்தது. முதல் 24 மணி நேரத்தில் அது பயப்பட வேண்டியதல்ல. ஒன்றிரண்டு துளி ரத்தமே ஒரு கிண்ணம் நீரை நிறம் மாற்றிவிடும்.

வியாழன் அதிகாலை

"தம்பி, துவாய் எல்லாம் ரத்தமாக் கிடக்கு."

அறுவை முடிந்து ஏறக்குறைய 38 மணி நேரம் ஆகியிருந்தது. உடனே வரச் சொன்னோம். ரோசி நடந்தேதான் உள்ளே வந்தாள், வாலைக்கூட ஆட்டினாள். ஆனால் எச்சில் சிவப்பாக வடிந்தது. தாடைக்கடியிலிருந்து தொண்டை வழியாக மார்புவரை தோல் ஊதா நிறத்தில் கன்றியிருந்தது. மெல்லிய தோலும் குட்டை முடியும் உள்ள நாய் என்பதால் தோலுக்கடியில் பரவிய ரத்தம் அப்படியே வெளியே தெரிந்தது.

இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 128. ரத்த அழுத்தம் தாக்குப்பிடித்தது. ஈறு, கைபேசிப் படத்தோடு ஒப்பிட்டால் ஒரு படி வெளிறல். சிவப்பணு அளவு 44 சதவீதம். இந்த எண்ணில் கொஞ்சம் நிற்க வேண்டும். சாதாரண நாய்க்கு 37 முதல் 55 வரை இயல்பு என்று அச்சிட்டிருக்கும்; 44 அதன் நடுவில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது, அறிக்கையில் சிவப்பு எழுத்து வராது. ஆனால் இவள் 58-இல் இருந்தவள். ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு போய்விட்டது. திங்கட்கிழமை எடுத்த அறிக்கை கையில் இல்லாமல் இருந்திருந்தால் 'ரத்தம் பரவாயில்லை' என்று வீட்டுக்கே அனுப்பியிருப்பார்கள்.

லேசான மயக்கத்தில் வாயைத் திறந்தோம். இடது கீழ்த் தாடையின் பெரிய கடைவாய்ப்பல் எடுத்த இடத்தில், தையலுக்கு மேலே ஈரல் துண்டு போல ஒரு கரிய கட்டி உட்கார்ந்திருந்தது. அதன் ஓரத்திலிருந்து ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது. பீறிடவில்லை. தையல் எதுவும் பிரியவுமில்லை. தையல் பிரிந்திருந்தால் திரும்பத் தைத்தால் தீர்ந்தது. இங்கே தைப்பதற்கு எதுவுமில்லை. கட்டியை எடுத்துவிட்டு, டிரானெக்சாமிக் கரைசலில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தோம். ரத்தக்குழாய் வழியாகவும் அதே மருந்து கால் மணி நேரத்தில் மெதுவாக ஏறியது. கசிவு இருக்கும்போது வேண்டாம் என்று மெலாக்சிகாமை நிறுத்தி, வலிக்கு மெதடோனும் மருத்துவமனை அளவில் பாராசிட்டமாலும் கொடுத்தோம். தேவைப்பட்டால் ஏற்றுவதற்குக் குளிரில் உறையவைத்த பிளாஸ்மா (ரத்தத்தின் திரவப் பகுதி) தயாராக இருந்தது, உருக்கவில்லை. விடிவதற்குள் ஊறல் நின்றது. மதியம் சிவப்பணு 43, மாலையும் 43. இனி இறங்காது என்று தெரிந்தது.

பிரிட்டனின் வளர்ப்புப் பிராணி ரத்த வங்கிக்கு மிகவும் வேண்டப்பட்ட கொடையாளிகளில் கிரேஹவுண்டும் ஒன்று. நிறையச் சிவப்பணு, பலவற்றுக்கும் பொருந்தும் நெகட்டிவ் வகை ரத்தம், கொழுப்பில்லாத நீண்ட கழுத்து, அசையாமல் படுத்துக்கிடக்கும் குணம் என எல்லாம் சேர்ந்திருக்கும். மற்ற நாய்களுக்கு ரத்தம் கொடுக்கும் இனத்துக்கே ரத்தம் நிற்பதில் தகராறு.

தடுப்பு மருந்து கொடுத்தும் ஏன் கசிந்தது? அந்தச் சோதனையிலும் மருந்து பெற்றவற்றில் பத்தில் ஒன்றுக்குக் கசிந்ததுதான். ஆனால் ரோசியின் விஷயத்தில் விடை அன்று மாலையே கிடைத்தது. வீட்டைச் சுத்தம் செய்த அம்மா, சோபா மெத்தைகளின் இடுக்கில் மூன்று மாத்திரைகளைக் கண்டெடுத்தார். மேல்பூச்சு நனைந்து, முடி ஒட்டி, முழுசாக. அதுவரை கொடுத்திருக்க வேண்டியது நான்கு. "நான் குளிசையை வாய்க்குள்ள வச்சனான் தம்பி, அவ விழுங்கினவ" என்றார். பொய்யில்லை. நாய் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, ஆள் நகர்ந்ததும் துப்புவது உலகறிந்த வித்தை. போதாததற்கு வாய் முழுக்கத் தையல், கையில் பெரிய மாத்திரை. நாக்கின் பின்புறம்வரை விரலை விட்டுத் திணிக்க அந்த அம்மாவுக்கு மனம் வரவில்லை. வந்திருந்தாலும் செய்யக்கூடாது, புண் பிரிந்துவிடும்.

அன்றிலிருந்து முறையை மாற்றினோம். மாத்திரையைச் சிறிது நீரில் ஊறவைத்தால் சில நிமிடத்தில் கலங்கிவிடும். அதை வேகவைத்து மசித்த ஈரலில் ஒரு கரண்டி மட்டும் கலந்து, வேறு உணவு வைக்கும் முன் கொடுப்பது. சாப்பிட மறுத்தால் ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, வலப்பக்கக் கன்னத்துக்குள் சொட்டுச் சொட்டாக. ஒவ்வொரு வேளைக்கும் சுவரில் ஒட்டிய தாளில் கோடு போடுவது. அதற்குப் பிறகு ஒரு வேளையும் தவறவில்லை, ஒரு சொட்டும் கசியவில்லை. கன்றல் மட்டும் அடுத்த சில நாட்களில் இறங்கிக்கொண்டே போய் முன்னங்கால் முட்டிவரை வந்தது. ரத்தம் புவியீர்ப்பில் கீழே இறங்குவதுதான் அது. பச்சையாகி மஞ்சளாகி மறைந்தது. புதிதாகக் கசிகிறதா என்று பார்க்க வேண்டிய இடங்கள் வேறு: வெள்ளைத் துணி, ஈறின் நிறம், மலத்தின் நிறம். விழுங்கிய ரத்தம் தார் போலக் கறுத்து வெளியேறும். கசிவு நின்ற பிறகும் ஓரிரு நாள் அப்படி இருக்கலாம், அதற்கு மேல் நீடித்தால் காட்ட வேண்டும்.

உணவும் வீடும்

தமிழ் வீட்டில் நோயாளிக்குக் கஞ்சி என்பது பேச்சே தேவையில்லாத ஏற்பாடு. குழைந்த சோறும் கோழியும் ரோசிக்கு நன்றாகவே ஒத்துக்கொண்டன. ஆனால் கோழியை வேகவைக்கும்போது கை தானாக வெங்காயத்தையும் பூண்டையும் தேடிப் போகும். இரண்டுமே நாயின் சிவப்பணுக்களை உடைப்பவை. ஏற்கெனவே ரத்தம் இழந்த நாய்க்கு இரட்டை அடி. கடையில் வாங்கும் சூப்புக் கட்டிகளிலும் வெங்காயத்தூள் இருக்கிறது. உப்பும் மஞ்சளும்கூட வேண்டாம், வெறும் நீரில் வெந்த கோழி போதும். வெதுவெதுப்பாகக் கொடுத்தால் வாசனை எழும்பும், பசி தூண்டும். சூடு கூடாது.

உலர் தீவனத்தை இரண்டு வாரம் தொடவில்லை, பிறகு ஊறவைத்து ஆரம்பித்தோம். கிண்ணத்தை ஒரு ஸ்டூலின் மேல் வைக்கச் சொன்னேன். உயரமான நாய் தரைவரை தலையைத் தாழ்த்தினால் முகத்துக்கு ரத்தம் இறங்கும், வயதான கழுத்துக்கும் சிரமம். சாப்பிட்ட பின் சிரிஞ்சில் நீர் எடுத்துக் கன்னத்தின் ஓரமாக மெல்ல அலசினால் தையலில் சிக்கிய சோறு வெளியேறும். உதட்டைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பதுதான் ஆகாது. அக்கறையால் செய்வது, ஆனால் கோரைப்பல் எடுத்த இடத்தின் மடல் உதட்டோடு சேர்ந்து இழுபடும். எலும்பு, இழுக்கும் விளையாட்டு, முகக்கூடு எல்லாவற்றுக்கும் அதே காரணத்தால் தடை.

கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்புவார் போட்டோம். கிரேஹவுண்டுகளுக்குப் போடும் இறுகும் பட்டை கன்றிய தொண்டையில் சரியாக வந்து உட்காரும். ரோசிக்கு முன்பாதத்தில் கால் ஆணியும் இருக்கிறது (இந்த இனத்தின் இன்னொரு சாபம்), பின்னங்கால்களில் மூட்டுத் தேய்மானமும் இருக்கிறது. காபாபென்டின் கொடுத்த நாட்களில் மரத்தரையில் கால் விரிந்து வழுக்கியது. படுக்கையிலிருந்து தோட்டக் கதவுவரை பாய்களை வரிசையாக விரித்துவைத்தார் அம்மா. மாடிப்படிக்குக் குறுக்கே துணி உலர்த்தும் ஸ்டாண்டை நிறுத்திவைத்தார். மெலாக்சிகாம் இல்லாத அந்த வாரத்தில் மூட்டு வலிதான் வாய் வலியைவிட அவளைப் படுத்தியது. முதிய நாயின் பல் அறுவையில் இது கணக்கில் வராமல் போவதுண்டு: வாய்க்காக ஒரு மருந்தை நிறுத்தினால் இடுப்பு பேசும். கசிவு நின்று ஐந்து நாள் ஆனதும் அதைத் திரும்பத் தொடங்கினோம்.

வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைக் கொடுக்கலாமா என்று அவர் கேட்டது நல்லதாகப் போயிற்று. ஐபுரூஃபனும் ஆஸ்பிரினும் கூடவே கூடாது. நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் ஐபுரூஃபன் கெடுத்துவிடும், ஆஸ்பிரின் தட்டணுக்களின் வேலையையே முடக்கிவிடும். பாராசிட்டமாலைக்கூட அளவு தெரியாமல் கொடுக்க முடியாது.

பின்தொடர்தல்

பத்தாம் நாள் எடை 26.3 கிலோ, ஒரு கிலோவுக்கு மேல் இறங்கியிருந்தது. ஏற்கெனவே விலா எலும்பு தெரியும் நாயில் அது கண்ணை உறுத்தியது. கஞ்சியில் சோற்றைக் குறைத்து முட்டையும் மீனும் சேர்க்கச் சொன்னேன். மடல் உயிரோடு இளஞ்சிவப்பாக ஒட்டியிருந்தது, மூக்குச் சளி நின்றிருந்தது. தும்மல் ஓரிரு முறை வந்ததாகச் சொன்னார். மடல் பிரிந்தால் தும்மலோடு உணவுத் துணுக்கும் மூக்கில் வரும், அப்படி எதுவும் இல்லை. ஆறாம் வாரம் தையல் நூல்கள் முழுவதும் கரைந்திருந்தன. எடை 28.1, சிவப்பணு 57.

மிஞ்சிய 19 பற்களுக்காக இப்போது துலக்கல் நடக்கிறது. பல்லில் படியும் மென்படலம் இரண்டு மூன்று நாளில் காரையாக இறுகத் தொடங்கிவிடும், அதனால் வாரம் ஒரு முறை துலக்குவது பெயருக்குத்தான். முதல் வாரம் விரலில் சுற்றிய ஈரத்துணி, பிறகு மென்மையான தூரிகை, நாய்களுக்கான பற்பசை. மனிதர் பற்பசையில் ஃபுளோரைடு இருக்கும், சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பும் இருக்கும். துப்பத் தெரியாத பிராணிக்கு இரண்டும் ஆகாது. வெளிப்புறம் மட்டும் துலக்கினால் போதும். உட்புறத்துக்கு ரோசி வாய் திறப்பதாக இல்லை, அந்த அம்மாவும் மல்லுக்கட்டுவதாக இல்லை.

ஆறு மாதப் பரிசோதனையில் வலது மேல் கடைவாய்ப்பல் ஒன்றின் ஓரத்தில் ஈறு லேசாகச் சிவந்திருந்தது. அடுத்த ஆண்டு மயக்கத்தில் சுத்தம் செய்து எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருக்கும். அவளுடைய கோப்பின் முதல் பக்கத்தில் இப்போது மூன்று வரிகள் இருக்கின்றன: இயல்பான சிவப்பணு அளவு 58, டிரானெக்சாமிக் கரைத்து மட்டுமே கொடுக்கவும், இரண்டாம் நாள் மாலை கட்டாயம் நேரில் பார்க்கவும்.